கைக்காட்சி

“பிரிக்காதீங்க மேடம்! பிரிச்சா வாங்கணும்!”

ஜெரூஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். புத்தக மேசைக்குப் பின்னால் ஒருவன்... நெற்றியில் விழுந்த முடி, தூக்கம் கலையாத பெரிய கண்கள். அவள் கையிலோ, பிளாஸ்டிக் உறை பாதி கிழிந்த ஒரு கதைப் புத்தகம்.

“நான் இந்த ஸ்கூல் தமிழ் டீச்சர், சார். பிள்ளைங்க ஒரு பக்கமாவது படிச்சுப் பார்க்க வேண்டாமா?”

“பேனர்ல நீங்கதானே எழுதினீங்க, ‘புத்தகக் கண்காட்சி’ன்னு? கண்ணால பாக்கறதுக்குப் பேர்தான் கண்காட்சி!”

வரிசையில் நின்ற ஏழாம் வகுப்புப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஜெரூஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“கவர் விக்கிறவருக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்?”

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆனால் கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை. அவன் பார்த்துவிட்டான்...

கலங்காமல் என்ன செய்வாள்? தலைமையாசிரியை அமலராணி கறாராகச் சொல்லியிருந்தார். “பிள்ளைங்க ஆர்வமா வரலைன்னா அடுத்த வருஷம் இந்த ஹால் கைடு விக்கிறவங்களுக்குத்தான், ஜெரூஷா.” பிள்ளைகளோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைகளைச் சுற்றிவிட்டு, பேசாமல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம், ஹாலைப் பெருக்க வந்த கங்கையம்மாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“இன்னா டீச்சர், அந்த புக்குக்காரரை இன்னா சொன்ன? பேஜாராயி குந்திகினு கீறாரு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அப்பறம் ஏன் நீ போற பக்கமே பாத்துகினு கீறாரு?”

“போங்கக்கா!” என்றாள். ஆனால் வீடு போகும்வரை அந்தக் கண்கள் கூடவே வந்தன. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ... சே, நான் ஏன் மன்னிப்பு கேட்க வேண்டும்? அவர் கேட்கட்டும்!

மறுநாள் காலை மழை. குடையை உதறிவிட்டு ஹாலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு புத்தகத்திலும் உறை இல்லை! தரையெல்லாம் பெண்கள்... சிலர் சம்மணம் போட்டு, சிலர் குப்புறப் படுத்து, படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன், மடி நிறைய பிளாஸ்டிக் உறைகளோடு. மேலே பேனரில் ‘கண்’ என்ற எழுத்துகளின்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

‘புத்தகக் கைக்காட்சி.’

“அப்படி ஒரு சொல்லே தமிழ்ல கிடையாது!”

“இன்னைக்குப் பிறந்துடுச்சு, டீச்சர்.”

“உங்க பேரு?”

“ஜெபின். ராஜகீழ்ப்பாக்கத்துல அப்பாவோட கடை. பிரிச்ச புத்தகத்தைக் கொண்டாந்தா கடை வாசப்படி ஏறாதேன்னுட்டார்.”

“ஐயோ... அப்புறம் ஏன் பிரிச்சீங்க?”

“நேத்து ஒரு டீச்சர் கண்ணு கலங்குச்சு. அப்பாவைச் சமாதானப்படுத்திடலாம்... அந்தக் கண்ணை மறக்க என்னால முடியல.”

அவள் குனிந்து, தரையில் கிடந்த ஓர் உறையை எடுத்து அவன் மடியில் சேர்த்தாள். மழை ஜன்னலில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது.

கடைசி நாள். மதிய மணி அடித்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வாசலில் வந்து நின்ற அமலராணி, “மிஸ், இன்னும் ரெண்டே பக்கம்...” என்று கெஞ்சிய சிறுமியைப் பார்த்தார். கண்டிப்பு முகம் மெல்லத் தளர்ந்தது.

“அடுத்த வருஷமும் இவரையே வரச் சொல்லுங்க, ஜெரூஷா.”

மாலையில் பெட்டிகள் வேனில் ஏறின. வரும்போது நிறைந்திருந்தவை, புத்தகம் விற்றுப்போய் இப்போது பாதி காலி. அப்பா நிச்சயம் வாசப்படி ஏறவிடுவார்! தூறலில் ஜெபின் தயங்கி நின்றான்.

“சாரி, ஜெபின். அன்னைக்குக் கதை தெரியாதுன்னு சொல்லிட்டேன்...”

“எனக்குத் தெரிஞ்சது ஒரே கதைதான். அதைச் சொல்ல அடுத்த வருஷம்வரைக்கும் தாங்காது. ஊருக்கெல்லாம் பேனரை மாத்திட்டேன் டீச்சர்... நான் மட்டும் வந்த நாள்லேர்ந்து கண்காட்சியே பாத்துட்டிருக்கேன்.”

ஜெரூஷா தலை குனிந்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்து வந்து ஒளிந்தது. பிறகு, தூறலுக்குள் தன் வலது கையை மெல்ல நீட்டினாள்.

“பேனர்ல என்ன எழுதியிருக்குன்னு... நீங்க படிக்கவே இல்லையா?”