நடு ஆற்றில் கூடிய சபை

குடமுருட்டி ஆற்றின் மீது புரட்டாசி மாதத்து முழுநிலவு எழும்பிக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதின் எழிலை முழுவதும் வர்ணிக்கத் தொடங்கினால், அன்பார்ந்த வாசகர்களே, பொழுதே விடிந்துவிடும். மேற்கு வானில் குங்குமம் கரைத்தாற்போல் செவ்வொளி இன்னும் மங்காமலிருக்க, கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு மேலே வெண்மதி மெல்ல மெல்ல முகம் காட்ட, இரண்டு ஒளிகளும் புதுவெள்ளத்தில் கலந்து நெளிந்த காட்சியைக் கண்டால் கல்நெஞ்சும் கனியும். ஆனால் அந்த அழகையெல்லாம் கெடுப்பதற்கென்றே ஆற்றின் நட்டநடுவில் ஒரு பெரிய தோணி நின்றது. அதற்குள் இருபத்து நான்கு பெரிய மனிதர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இருகரைநல்லூர் மகாசபையார்தாம் அவர்கள். ஆற்றின் கீழ்கரையில் பாதியும் மேல்கரையில் பாதியுமாக அமைந்த அவ்வூருக்குக் கரைக்குப் பன்னிருவராகச் சபையில் இடம். ஊர் ஏரியின் மதகு உடைந்து மூன்று ஆண்டுகள் ஆயின. அதைக் கல்லால் கட்ட வேண்டும் என்றார் கீழ்கரைத் தலைவர் ஆரூரன் காரியார். அவருடைய ஆகிருதியைப் பார்த்தால் கல்லின் மீது அவருக்கிருந்த பற்றுதல் விளங்கும். செங்கல்லால்தான் கட்ட வேண்டும் என்றார் மேல்கரைத் தலைவர் வேளான் சாத்தனார், ஒல்லியான மனிதர், ஆனால் குரல் மட்டும் எக்காளம். மூன்று ஆண்டுகளாக இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால். இரண்டு போகம் பாழாய்ப் போயிற்று. ஏரி பாவம், இவர்கள் முடிவு செய்யட்டும் என்று காத்திருக்குமா?

இந்த அழகில், சோழ சக்கரவர்த்தியின் திருமுக ஓலை வந்திருந்தது. புரட்டாசிப் பௌர்ணமியன்று முதல் ஜாமத்து முரசு முழங்குவதற்குள் மதகைப் பற்றித் தீர்மானம் எழுதப்படாவிட்டால், சபை கலைக்கப்படும். ஊரை ஆள ஓர் அதிகாரி வருவார். அந்தக் கடைசிக் கூட்டத்தை எந்தக் கரையில் நடத்துவது என்பதிலேயே எட்டு நாள் சண்டை. கடைசியில் காரியாரின் மகள் பூவணநங்கை, அப்பாவுக்குச் சோறு படைக்கும்போது, "இரண்டு கரையும் வேண்டாமே, நடு ஆற்றில் கூடினால் என்ன?" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தாள். ஆகா! யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை! மூன்று ஆண்டுகளில் சபையார் ஏகமனதாக ஒப்பிய ஒரே விஷயம் அதுதான்.

தோணியின் முனையில் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தான் சபையின் கரணத்தான் சேந்தன். சபையில் பேசியதையெல்லாம் எழுதிவைக்கும் வேலைக்கு மூன்று மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்த அயலூர் வாலிபன். அகன்ற மார்பும் தோளில் வாள்தழும்பும் கொண்ட அவனைக் கரணத்தான் என்று நம்பியது இருகரைநல்லூராரின் வெள்ளை மனம். அவன் பெயர் சேந்தனும் அல்ல. பூதி கண்டன் என்பது அவன் இயற்பெயர். சபை தேறுமா தேறாதா என்று ஒற்றறிந்து வரச் சக்கரவர்த்தி அனுப்பிய ஆள் அவன். அது மட்டுமா? சபை தேறாவிட்டால் அதே நொடியில் ஊரை ஆளப்போகும் அதிகாரியும் அவனே! அதற்கான ஆணையோலை புலிமுத்திரையோடு அவன் இடைக்கச்சையில் உறுத்திக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரம் அவனுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. 'இந்த இருபத்து நான்கு பேரும் ஏழு பிறவிக்கும் ஒப்பமாட்டார்கள். பதவி நமக்குத்தான்' என்று குதூகலித்தான். பிறகு பூவணநங்கையைக் கண்டான். அவ்வளவுதான், குதூகலம் குழம்பிப் போயிற்று.

பௌர்ணமியான அன்று பிற்பகல் அவள் துறைக்கு வந்து அவனிடம் ஓர் ஓலை நறுக்கை நீட்டினாள்.

"கரணத்தாரே, இது ஊராரின் விண்ணப்பம். இன்று சபையில் இதை வாசிக்க வேண்டும்."

கண்டன் படித்துப் பார்த்தான். 'மதகின் அடிப்பாகம் கல்லாலும் மேற்பாகம் செங்கல்லாலும் கட்டப்படுக' என்று எழுதியிருந்தது.

"அம்மணி, இதில் தப்பொன்றுமில்லை. அதனால்தான் நிறைவேறாது" என்றான் அவன். "ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும் என்பது உங்கள் ஊர் வழக்கம். தலைநகரில் இப்படியா? ஒருவர் சொன்னால் நூறு பேர் ஓடுவார்கள்."

"குறுங்காட்டிலும் அப்படித்தான் ஓடினார்கள். அங்கே ஒரே அதிகாரி. அரை நாழிகையில் முடிவெடுத்து ஒரே மாதத்தில் மதகு கட்டினார். என்ன அழகான மதகு தெரியுமா! ஏரி நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே. இன்றுவரை அதற்குள் ஒரு சொட்டு நீர் புகுந்ததில்லை. 'ஐயா, உயரம் அதிகம்' என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் இல்லை."

கண்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆலம்பள்ளிச் சபையில் ஒரு தலை கூடுதலாக இருந்தால் தீர்மானம் நிறைவேறிவிடுமாமே? அது நல்ல ஏற்பாடுதானே?" என்றான்.

"மிக நல்ல ஏற்பாடு! சித்திரையில் ஒரு கட்சிக்கு ஒரு தலை கூடியது, மதகு கட்டினார்கள். ஆடியில் மறு கட்சிக்குக் கூடியது, இடித்தார்கள். தை மாதம் மறுபடி கட்டினார்கள். கொத்தர்கள் அந்த ஊரிலேயே பெண் கட்டிக் குடியேறிவிட்டார்கள்."

"இங்கே?"

"இங்கே கட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. மூன்று ஊரிலும் எங்கள் ஊர்தான் உறுதியானது!" என்று சொல்லிக் கலகலவென்று நகைத்தவள், சட்டென்று முகம் வாடினாள். "ஐப்பசி மழை வந்தால் மூன்றாவது போகமும் போய்விடும், கரணத்தாரே. குடிகள் ஊரைவிட்டே போவார்கள். அதற்குள் அதிகாரி வேறு வந்துவிடுவார்."

"வருகிறவர் நல்லவராயிருந்தால்?" என்றான் கண்டன்.

"அப்போதுதான் இன்னும் கெடுதல். நல்லவராயிற்றே என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவருக்குப் பின் வரும் பொல்லாதவருக்கு மூடிய வாயோடே ஊர் கிடைக்கும். எங்கள் சபையைக் கலைத்துவிட்டு இங்கே காலடி வைக்கிறவர் யாராயிருந்தாலும் சரி, அவர் முகத்தில் விழிக்கமாட்டேன். இது குடமுருட்டியின் மேல் ஆணை!"

கண்டன் நறுக்கை மறுபடி பார்த்தான். "வாசித்தாலும் பயனில்லையே. உம் தந்தையே முதலில் எழுந்து மறுப்பாரே" என்றான்.

"எழுந்து!" என்றாள் நங்கை, ஒரு விரலை உயர்த்தி. "கோயில் மதிலில் வெட்டியிருக்கும் விதியை நீர் படித்ததில்லையா? 'மறுப்பார் எழுந்து, இருகால் ஊன்றி நிமிர்ந்து நின்று, வலக்கை உயர்த்தி, அன்று எனல் வேண்டும். அமர்ந்தார் சொல் மறுப்பாகாது.' சோம்பேறிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'அன்று, ஆகாது' என்று எல்லாவற்றையும் மறுக்கக்கூடாது என்பதற்காக முன்னோர் வைத்த விதி. நீரே சொல்லும், நடு ஆற்றில், ஆள் நிறைந்த தோணியில், யார் எழுந்து நிற்பார்?"

கண்டன் வாய் பிளந்து நின்றான். இருபத்து நான்கு மூளைகளில் ஒன்றுக்குக்கூட இது உறைக்கவில்லையே!

இப்போது தோணியில் உட்கார்ந்திருந்த அவன் கையில் அந்த நறுக்கு இருந்தது. வாசித்தால் பதவி போயிற்று. வாசிக்காவிட்டால் பதவி வரும், அவள் போய்விடுவாள். பக்கத்தில் ஒரு சிற்றோடத்தில் சபைக்கு விளக்குப் பிடித்தபடி நங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் இவனைப் பார்க்கவில்லை. ஏரி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, 'ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்ற பழமொழி அந்த நேரம் பார்த்து அவன் நினைவுக்கு வந்து தொலைத்தது. கூத்தாடி தான்தான் என்று எண்ணியபோது அவனுக்கு வெட்கமாயிருந்தது.

"சபையோரே! ஊரார் விண்ணப்பம்!" என்று கணீரென்று வாசித்தான். "மறுப்பார் உளரோ?"

"அன்று! அன்று!" என்று இருபத்து நான்கு குரல்கள் எழுந்தன.

"உட்கார்ந்து சொல்வது மறுப்பாகாது, ஐயன்மீர். விதிப்படி எழுந்து சொல்லுங்கள்."

காரியார் முழங்காலில் கை ஊன்றித் தம் பேருடலைத் தூக்கினார். அவ்வளவுதான்! தோணி கீழ்கரைப் பக்கம் சாய்ந்தது. ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்தது. "ஐயோ, உட்காரும் ஐயா! எனக்கு நீந்தத் தெரியாது!" என்று அவருடைய கட்சிக்காரர்களே அவர் மேலாடையைப் பற்றி இழுத்தார்கள். அவர் தொப்பென்று விழுந்த வேகத்தில் தோணி மறுபக்கம் சாய, சாத்தனார், "செங்கல்லுக்காக உயிரையும் விடுவேன்!" என்று எழப்பார்த்தார். "உம் உயிரை விடும், எங்கள் உயிரை ஏன் விடுகிறீர்?" என்று மேல்கரைப் பதினொருவரும் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இரண்டாம் முறை! மறுப்பார் உளரோ?"

காரியார் குந்தியபடி பாதி எழுந்து, "இதுவும் நிற்பதுதான்!" என்றார்.

"நிமிர்ந்து நிற்க வேண்டும், ஐயா. முழங்கால் மடங்கியிருக்கிறது."

"என் முழங்கால் எப்போதுமே அப்படித்தான்!"

"மூன்றாம் முறை! மறுப்பார் உளரோ?"

ஒருவரும் அசையவில்லை.

"தீர்மானம் ஏற்கப்பட்டது!" என்றான் கண்டன். சிற்றோடத்தில் நங்கை இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின, சிரித்தாளோ, அழுதாளோ!

தீர்மானத்தை விறுவிறுவென்று எழுதிய கண்டனின் எழுத்தாணி, ஓலையின் அடியில் வந்து நின்றுவிட்டது. எழுதியவன் பெயரை அங்கே எழுத வேண்டும். 'சேந்தன் எழுத்து' என்று எழுதினால் அது பொய்ப்பெயர். நாளைக்கே எவனாவது கண்டுபிடித்து ஓலை செல்லாது என்பான். மெய்ப்பெயரை எழுதினால், மூன்று மாதமாக உப்பிட்டவர்களை வேவு பார்த்த ஒற்றன் இவனென்று அவளுக்குத் தெரிந்துவிடும். பகைவர் கோட்டைக்குள் தனியாகப் புகுந்தபோதுகூட அவன் இப்படித் தயங்கியதில்லை. தெய்வமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி, ஓலையை நங்கையிடம் நீட்டினான்.

அவள் விளக்கை அருகே பிடித்து உரக்கப் படித்தாள். "...இவை, சக்கரவர்த்தியின் ஆணைப்படி சபையை ஒற்றறியவும், சபை தவறினால் இவ்வூரை ஆளவும் வந்த... பூதி கண்டன் எழுத்து."

அதே கணம் கரையில் முதல் ஜாமத்து முரசு முழங்கியது.

"ஒற்றனா!" என்று காரியார் எல்லாவற்றையும் மறந்து துள்ளி எழுந்தார். தோணி ஒரு கணம் யோசித்தது. பிறகு சபையோர் இருபத்து நால்வரையும், கரணத்தானையும், தோணிக்காரனையும் பாரபட்சமின்றிக் குடமுருட்டியில் கொட்டியது. "முழுகினேன்!" "செத்தேன்!" "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்!" என்ற ஓலங்கள் வானைப் பிளந்தன. பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

தண்ணீர் அவர்கள் இடுப்பளவுதான் இருந்தது.

"மணல்திட்டு!" என்றான் கண்டன், தலைமயிரிலிருந்து நீர் சொட்ட. "உமக்கு முன்பே தெரியுமா?"

"தோணியை இங்கே நிறுத்தச் சொன்னதே நான்தான். என் தந்தையை ஆழத்திலா இறக்குவேன்?" என்றாள் நங்கை. பிறகு அவனை நேராகப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "மூன்று மாதமாக எங்களை ஏமாற்றினீர். அந்த நறுக்கைச் சபையில் வாசிக்காமலிருந்தால் இந்நேரம் ஊர் உம்முடையது. ஏன் வாசித்தீர்?"

"ஊர் எனக்கு வேண்டாம், நங்கை. நீர் என்முன் வாய்பொத்தி நிற்கும் ஊரை ஆண்டு நான் என்ன செய்வேன்? உம் மேல் எனக்கு உயிர். இனி எனக்குப் பதவியுமில்லை, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. என்னை மணக்கச் சம்மதமா?"

நங்கை தலைகுனிந்து, கேட்டும் கேளாத குரலில், "சம்மதம்" என்றாள். அவள் மெல்லச் சொன்னதென்னவோ மெய்தான். ஆனால் இருபத்து நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டல்லவா நின்றார்கள்!

"நடக்காது!" என்று கர்ஜித்தார் காரியார், இருகாலையும் மணலில் நன்றாக ஊன்றி, வலக்கையை வானுயர ஓங்கி. "வெளியூரானுக்குப் பெண் கொடுப்பதானால் சபை ஒப்ப வேண்டும். அன்று! கீழ்கரைப் பன்னிருவரும் மறுக்கிறோம்!"

"காரி மறுக்கிறாரா?" என்றார் சாத்தனார், தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே. "அப்படியானால் மேல்கரைப் பன்னிருவரும் இத்திருமணத்தை ஒப்புகிறோம்! தங்கமான பிள்ளை!"

"ஒற்றனப்பா அவன்!"

"ஒற்றனானால் என்ன? கையெழுத்து அழகாயிருக்கிறது!"

இடுப்பளவு நீரில், நிலவொளியில், சபை மறுபடி சூடு பிடித்தது. கண்டன் நங்கையை நோக்கிக் கவலையோடு, "மதகுக்கே மூன்று ஆண்டு ஆயிற்றே!" என்றான்.

"அதிகம்தான் ஆகும்" என்றாள் அவள். "ஆனால் ஒரு விஷயம் சபையில் இருக்கும்வரை, அதற்குரியவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதுவும் எங்கள் வழக்கம்."

கண்டன் புலிமுத்திரை இட்ட ஆணையோலையை இடையிலிருந்து எடுத்தான். இரண்டாக முறித்து ஆற்றில் விட்டுவிட்டு, நீரை அள்ளிக் கையில் ஏந்தினான்.

"குடமுருட்டியின் மேல் ஆணை! இந்த இருபத்து நால்வரும் ஒப்பும்வரை இந்த ஊரைவிட்டு ஓரடி நகரமாட்டேன். அவர்கள் ஒருநாளும் ஒப்பாமலே போகட்டும்!" என்றான்.