பட்டறையில் கிடந்த கண்ணாடி

இப்போதெல்லாம் யாரும் எதிரே வருகிற ஆளைப் பார்த்து நடப்பதில்லை. கையிலிருக்கும் போனைப் பார்த்து நடக்கிறார்கள். முட்டிக்கொள்கிறார்கள். முட்டின கையோடு காதல் என்கிறார்கள். நான் முப்பத்தெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மனுஷக் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அப்படி ஒரு மழை... ஒரு பெண் போனைப் பார்த்தபடியே எங்கள் கடைப்படி ஏறினாள். கடைக்காரர் சின்னவர் குடையை விரித்தபடியே இறங்கினார். டமால்! அவள் கண்ணாடி தெறித்தது. அதைத் தேடப்போன சின்னவரின் செருப்பு சரியாக அதன் மேலேயே விழுந்தது. லென்ஸ் இரண்டும் நொறுங்கின.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"எனக்குத் தெரியுதுங்க. இனிமே உங்களுக்குத்தான் தெரியாது."

"உடைச்சதும் இல்லாம நக்கல் வேறயா?"

"உள்ள வாங்க... உடைச்சவனே மாட்டி விடுறேன்."

பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தார். அவளுக்கு எதிரே இருந்தது முகமா, மழையில் கரைந்த விளக்கா என்றே புரியவில்லை. ஒரு லென்ஸ்... இன்னொன்று... நாலாவதில் பளிச்சென்று இரண்டு கண்கள். சிரிக்கிற கண்கள். 'ஐயோ, இவ்வளவு கிட்டவா இருந்தான்!' (இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிற்பாடு அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை.)

"இப்ப தெரியுதா?"

"ம்... தெரியுது," என்றாள்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனவர்களைப் பற்றிப் படிக்கிறாளாம். நான் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்றே பேர் வைத்துவிட்டேன். ஏதோ ஒரு வழக்குக்காக எங்கள் தெருவைப் பார்க்க வந்த இடத்தில்தான் இந்த மோதல்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பிரேமிலேயே புது லென்ஸ் போடுவதென்றால் பிரேமை வாங்கிப் பட்டறையில் வைத்துக்கொள்வோம். நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் அந்த ஆள் தடவிக்கொண்டுதான் திரிய வேண்டும். அன்று சின்னவர் தன் மஞ்சள் மழைக்கோட்டை அவளுக்குக் கொடுத்தனுப்பினார். நாலாம் நாள் வரவேண்டியவள் மறுநாளே வந்து நின்றாள், கையில் வழக்குக் கட்டோடு.

"உடைச்சது நீங்க. அதனால நீங்கதான் படிச்சுக் காட்டணும்."

"கோர்ட் தமிழா? அதுக்கு என்னை உள்ளயே போட்டுடலாம்."

சிரித்துச் சிரித்துப் படித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பக்கத்தில் சின்னவரின் சிரிப்பு நின்றது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடைக்கு எதிர்வீட்டுக்காரரை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றதாக ஒரு பெயின்டரைப் பிடித்தார்கள். இன்னமும் உள்ளேதான் இருக்கிறான். இருந்தது ஒரே சாட்சி. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரே, தாயில்லாத சின்னவரைத் தூக்கி வளர்த்த அத்தையம்மா, அவர்தான்.

"எங்க அத்தை பொய் சொல்ல மாட்டாங்க."

"பொய்னு நான் சொல்லலையே... நம்பித்தான் சொல்லியிருப்பாங்க. அன்னிக்குக் கண்ணாடி போட்டிருந்தாங்களான்னு ஒருத்தரும் கேக்கல. அதான் எனக்கு..."

"நீங்க கிளம்புங்க."

அவள் எழுந்தாள். வாசலில் நின்று, "ஒருத்தர் உள்ள இருக்காருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னவர் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தார். கொலை நடந்ததற்கு இரண்டு நாள் முந்தின தேதியில் அத்தையம்மா பேர். பக்கத்தில் பென்சிலில் 'பிரேம் பட்டறையில்'. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தது கொலை நடந்து இரண்டு நாள் கழித்து.

"பெரிசு, இது உங்க எழுத்தா?"

"என் எழுத்துதான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

உண்மையும் அதுதான். நான் தேதியோடு தேதி வைத்துப் பார்த்தவனில்லை. அவர் ரிஜிஸ்டரை மேஜைக்குள் தள்ளிப் பூட்டினார். அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் சாயங்காலமும் மழை. அத்தையம்மாவின் கண்ணாடியில் திருகு லூசாகி, அது என் கையில் இருந்தது. அவர் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், மழைல ஏன்டா நின்னுக்கிட்டிருக்க? உள்ள வாடா!"

"யாரைக் கூப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"வேற யாரை, அவனைத்தான். அந்த மஞ்சக் கோட்டு எனக்குத் தெரியாதா? அவன் நடை தெரியாதா?"

"அத்தை... நான் உங்க பின்னாடி நிக்கிறேன்."

கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த ஆராய்ச்சி, படியில் நின்று கோட்டுத் தொப்பியை விலக்கினாள். மழை அவள் இமையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான்..." என்றார் அத்தையம்மா. "பெயின்ட் பட்ட சட்டை. அவனேதான்னு சொன்னேன். இதே மாதிரி அடிச்சுச் சொன்னேன்." சின்னவரைத் திரும்பிப் பார்த்தார். "கண்ணாடி எங்கடா இருந்துச்சு அன்னிக்கு?"

 சின்னவர் பூட்டைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து அத்தை முன்னால் வைத்தார். நான் திருகை முடுக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தரம் படித்தார். பிறகு ரிஜிஸ்டரைத் தன் கையாலேயே எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எங்க வந்து சொல்லணும்னு சொல்லும்மா. வர்றேன்."

கோர்ட் சும்மா விடுமா? எட்டு மாசம் இழுத்துத்தான் அந்த பெயின்டரை விட்டது. வெளியே வந்தவன் ஒருநாள் நேரே எங்கள் கடைக்கு வந்தான். அத்தையம்மா தலை நிமிரவில்லை.

"கிட்டத்துல எழுத்து தெரிய மாட்டேங்குது. ஒரு கண்ணாடி வேணும்," என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அத்தையம்மாவே பேரைக் கேட்டு எழுதினார். அந்த லென்ஸை நான் இரண்டு தரம் தேய்த்தேன்.

அவன் போன பிறகு, சின்னவர் கடைக்கு வந்திருந்த ஆராய்ச்சியின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்குப் போகச் சொன்னேன்ல... தப்பு. உண்மையில உங்களைப் பார்த்த முதல் நாளே எனக்கு..."

"நிறுத்துங்க. ஒரே தடவை பார்த்ததை நம்பி எத்தனை பேர் வாழ்க்கை போயிருக்கு தெரியுமா? நான் அதைத்தான் படிக்கிறேன்."

"சரி... எத்தனை தடவை பாக்கணும்?"

அவள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் வெட்கமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது.

"தினமும் பாக்குறேன். எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும் இவர்தான்னு சொல்வேன்... போதுமா?"

சின்னவருக்குத் தலைகால் புரியவில்லை. "பெரிசு! கேட்டீங்கல்ல? நீங்கதான் சாட்சி!"

"என்னை இழுக்காதீங்க. நான் குனிஞ்சு லென்ஸ் தேச்சுக்கிட்டிருந்தேன். எதையும் பாக்கல."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கி நடந்தேன். பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. சிரிக்கட்டும்... பத்து வருஷம் கழித்துக் கேட்டுப் பார்க்கிறேன்.