நிக்கல் பூஜ்யம்

காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அங்கே ஒட்டியிருக்கக் கூடாது.

காலி செய்து கழுவிய அமிலத் தொட்டியின் அடியில் குந்தியிருந்த அண்ணன், காந்தத்தைப் பிடுங்கி, தகடுகளைப் பற்றவைத்த அதே வெல்டின் மேல் மறுபடி வைத்தான். மறுபடி டக். எஸ்.எஸ். என்கிற, காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்கு எஸ்.எஸ். ராடுதான் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இங்கே எவனோ சாதா இரும்பு ராடை வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போயிருக்கிறான். தகடு பளபளவென்று இருந்தது. வெல்டு மட்டும் பழுப்பேறி, பொத்தல் பொத்தலாகக் கரைந்திருந்தது.

"எந்த மடச்சாம்பிராணி பண்ண வேலைடா இது!"

"கூப்டியாண்ணா?" மேலே, தொட்டியின் வாயிலிருந்து தம்பியின் குரல்.

"உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? அங்க நின்னு வேடிக்கை பாரு. அதாவது ஒழுங்கா வருதா பாப்போம்."

உள்ளே ஆள் இருக்கும்வரை வாயில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. எந்த வேலையிலும் நிலைக்காத தம்பிக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவன் அண்ணன்தான். அம்மா போனபின் அவனைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

கழுவிய பிறகும் போகாத புளித்த நெடி தொண்டையைக் கரகரக்க வைக்க, விளக்கின் முனகலும் எங்கோ சொட்டும் தண்ணீரும் வட்டச் சுவரில் மோதி மோதித் திரும்பி வர, அண்ணன் எழுந்து, துப்பாக்கி போலிருந்த சோதனைக் கருவியை அந்த வெல்டில் வைத்து அழுத்தினான். எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும்; எஸ்.எஸ். என்றால் நிக்கல் இருந்தாக வேண்டும். நிக்கல், பூஜ்யம். வெறும் இரும்பு. அடுத்து, இடுப்பு உயரத்தில் சுற்றி ஓடிய வெல்டில் வைத்தான். நிக்கல், பத்து. பரவாயில்லை, இதையாவது ஒரு மனுஷன் பண்ணியிருக்கிறான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, அந்த வெல்டும் பழுப்பாக இருந்தது.

கருவியை வைத்தான். ஏழு. கருவி கோளாறு, வாங்கினவன் அடிமுட்டாள் என்று முணுமுணுத்தான். எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தான். நாலு. ஒன்று. பூஜ்யம்.

கூர் ஊசியால் குத்தினான். ஊறிய ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. இப்படித் துரு அரிக்க வருஷக்கணக்கு ஆகும். இது கண்ணாடி துடைக்கிற நேரத்தில் ஆகியிருக்கிறது. ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். அமிலம் இல்லாத இடத்தில், காய்ந்த உலோகத்தில், பழுப்புக் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. நெட்டுக்குத்தாக ஓடிய வெல்டில் நேராக. தொட்டியின் வாயை நோக்கி.

வாயின் விளிம்பு வளையமும் வெல்டு வைத்ததுதான். அதில் இரண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி.

"அண்ணா, என்ன சத்தம் அது?"

"கையை எடுடா முண்டம்!"

"எடுத்தா, ஒழுங்கா நிக்கலைன்னு அதுக்கும் திட்டுவ. காலையிலேர்ந்து திட்டிட்டேதான் இருக்க. எடுக்க மாட்டேன் போ."

அண்ணன் கயிற்றேணியில் தாவினான். பக்கத்திலேயே கோடு. முழங்கால் உயரம். தோள் உயரம். அவனை முந்திவிட்டது.

"கண்ணா," என்றான். அப்படி அவனைக் கூப்பிட்டு எத்தனை காலமோ. "தயவுசெஞ்சு சொல்றேண்டா. கையை எடு. நகர்ந்து போயிடு. நான் எக்கேடு கெட்டாலும் பரவால்ல."

தம்பி விளிம்பில் இன்னும் குனிந்தான்.

"என்னண்ணா, அழறியா?" தம்பியின் குரல் இளகியிருந்தது. "இந்தா, கையைக் குடு."

ஒரு கை கீழே நீண்டது. மற்றது வளையத்திலேயே ஊன்றியிருந்தது.

வளையம் முழுக்கப் பழுப்பு.

அண்ணன் பற்றினான். சில்லென்றிருந்தது. தம்பி ஊன்றியிருந்த கையின் மணிக்கட்டில் மெல்லிய பழுப்புக் கோடு. சட்டைக்குள் போனது. கழுத்தில் வந்தது. தாடை. கன்னம். நெற்றி நடுவில் நின்றது. கோடு நெடுகப் பொத்தல் பொத்தலாகத் துளைகள். ரத்தமில்லை.

"இங்க என்னமோ குறுகுறுங்குதுண்ணா," என்று தம்பி சிரித்தபடி வளையத்திலிருந்து கையை எடுத்து நெற்றியைச் சொறிந்தான். விரல் உள்ளே போனது. வெளியே வந்தது.

அந்தத் துளை வழியே, அவனுக்குப் பின்னாலிருந்த மதிய வெயில் அண்ணனின் முகத்தில் விழுந்தது.