கண்ணாடித் தொட்டியில் ஆபீஸர்

"ஐயோ... ஆபீஸர் செத்துட்டாரு!"

குடிநீர் நிலையத்தின் நுழைவுக்கூடத்தில் எழுந்த அந்த அலறல் மாடிவரை கேட்டது.

மேனேஜர் தடதடவென்று இறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தார். போனைப் பிடுங்கினார்.

"போலீஸா? கொலை சார்! யாரையும் விடாதீங்க!"

போட்டோகிராபர், ஸ்டிரெச்சர் சகிதம் வந்து சேர்ந்தார் இன்ஸ்பெக்டர்.

"பாடி எங்க?"

"தொட்டியில சார்..."

எட்டிப் பார்த்தார். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. அதில் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தது...

ஒரு கெண்டை மீன்!

"என்னய்யா, விளையாடுறீங்களா?"

"மன்னிக்கணும் சார், விளையாட்டில்ல," என்றாள் அங்கே தண்ணீரைச் சோதிக்கும் கெமிஸ்ட், மிகுந்த பணிவுடன். "உள்ள வர்ற ஆத்துத் தண்ணி இந்தத் தொட்டி வழியாவும் ஓடும். விஷம் இருந்தா இவர்தான் முதல்ல சாவார். வேளாவேளைக்குச் சாப்பாடு, வேலை கிடையாது. அதனால பசங்க வச்ச பேரு ஆபீஸர்! இவர் போயிட்டா ஆத்து மதகை மூடியே ஆகணும். மூடிட்டோம்."

"அப்ப ஊருக்குத் தண்ணி?"

"கடல்தண்ணிப் பிரிவு ஓடுது. உப்பை வடிகட்டி வர்றது ஊருக்குக் கால்வாசிகூடப் பத்தாது சார்."

போன் அலறியது. மருத்துவமனை!

"டயாலிசிஸ் வார்டுல தொட்டி காலியாகுதும்மா! மத்தியானத்துக்குள்ள தண்ணி வரலேன்னா மெஷினை நிறுத்தணும்!"

மேனேஜர் குதித்தார். "சதி சார்! மேலதிகாரிங்க பார்வையிட வர்ற நாளாப் பார்த்து சதி! மீனுக்குத் தீனி போடுறவன் இந்த ஃபிட்டர்தான். புடிங்க அவனை!"

"எங்க அண்ணனே அந்த வார்டுலதான் சார் படுத்திருக்கு!" ஃபிட்டரின் குரல் உடைந்தது. "நானா விஷம் வைப்பேன்?"

இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்தார்.

கெமிஸ்ட் ஆற்று நீரைச் சோதித்தாள். பூச்சிமருந்து... இல்லை. சயனைடு... இல்லை. ஆலைக்கழிவு... இல்லை! மறுபடியும் முதலிலிருந்து... இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

சோதனைக் குழாயைச் சுவரில் அடித்து நொறுக்கலாம் போலிருந்தது. விஷம் இல்லை, ஆனால் மீன் ஏன் செத்தது என்று தெரியாமல் மதகைத் திறக்கவும் வழியில்லை!

மீண்டும் மருத்துவமனை போன். அவளுக்கு எடுக்கக் கை வரவில்லை.

"என்னம்மா, தலையும் புரியல, வாலும் புரியல!" இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "இப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணியில விஷம்னா எவன் நம்புவான்?"

கெமிஸ்ட் விருட்டென்று நிமிர்ந்தாள்.

கண்ணாடி மாதிரியா?

ஜன்னலுக்கு வெளியே, மழையில் பெருகிய ஆறு டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது!

ஓடினாள். தொட்டி நீரை மொண்டாள். சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டாள்.

நீர் ரோஜா நிறமாயிற்று!

"குளோரின்!"

"அது கிருமியைக் கொல்றதாச்சே?"

"ஆமா சார். அளவா இருந்தா நமக்கு நல்லது. ஆனா மீனோட செவுளை அரிச்சிடும். கடல்தண்ணிப் பிரிவுல உப்பைப் பிரிக்கிற சவ்வுகூட அதைத் தாங்காது, குளோரினை எடுத்துட்டுத்தான் அதுக்குள்ள தண்ணியை அனுப்புவோம். ஆத்துத் தண்ணியில அது ஏது? நான் தேடவே இல்ல! இது குழாய்த் தண்ணி சார்!"

ஃபிட்டர் தொட்டிக்கடியில் குனிந்தான். "அக்கா! தொட்டிக்கு வர்ற ஆத்து வால்வை யாரோ மூடியிருக்காங்க!"

"ஆத்துல விஷமே இல்லடா! ஓடு... மதகைத் திற!"

அவன் பறந்தான். சற்றைக்கெல்லாம் குழாய்கள் உறுமத் தொடங்கின.

"சரி... தொட்டித் தண்ணியை மாத்தினது யாரு?"

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"பெரியவங்க வர்றாங்களேன்னு... தொட்டி கலங்கலா அசிங்கமா இருந்துச்சு... காலையில நான்தான் நல்ல தண்ணியாப் பார்த்து... சார், போயும் போயும் ஒரு மீனுக்காக..."

"கொலை, யாரையும் விடாதீங்கன்னு போன்ல கத்தினது நீங்கதானே?" இன்ஸ்பெக்டர் புன்னகைத்தார். "கொண்டுவந்த ஸ்டிரெச்சரும் சும்மாதான் கிடக்கு... ஏறிப் படுங்க ஆபீஸர்!"