பின்னறையில் புது அடுப்பு

காப்பி இறக்குவதற்குள் ஞானசௌந்தரியின் குரல் தெருவரை கேட்டது.

"ஏளா விஜிலா! பின்னறையில எதுக்குளா புது அடுப்பு? எங் குசினிச் சோறு ஒனக்குக் கசக்குதோ?"

மருமகள் காப்பியை இறக்கி வைத்தாள். தனி ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க இன்று அதிகாரி வருகிறார். ஏன் தனிக் கார்டு என்று மாமி கேட்டால்? அதைச் சொல்ல மாட்டேன் என்று மாதா படத்தின் முன் கணவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எம் மவனைப் பிரிக்கத்தானே பாக்கே? மாசாமாசம் அம்மா வீட்டுக்கு ஓடும்போதே நெனச்சேன்... பாவி!"

"மாமி, அப்படிச் சொல்லாதீங்க..." விஜிலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கணவன் ரெக்ஸ் எழுந்து வந்தான். இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே அவன் இப்படித்தான். சோம்பேறி என்று ஊர் சொன்னது; பெற்றவளும் சொன்னாள்.

"அவளை ஏசாதம்மா. நாந்தான் சொல்லாதேன்னேன்." "ஒத்தக் குடும்பம் இருக்கிற வீட்டுக்கும் ஒரு தடைக்கால நிவாரணம், ரெண்டு குடும்பம் இருக்கிற நம்ம வீட்டுக்கும் ஒரு நிவாரணம். ஒரு கார்டுக்கு ஒண்ணுதான் தருவாங்க. அதுவும் அப்பாவுக்குத்தான் வருது. ரெண்டு மாசமும் அப்பா கையைப் பாத்துத் தின்ன சோறு தொண்டையில எறங்கலம்மா... போன வருசம் திரும்பி வரக்கூடாதுன்னுதான் பாலத்துக்குப் போனேன். இவதான் கையைப் புடிச்சி இழுத்துட்டு வந்தா. மாசாமாசம் இவ போறது அம்மா வீட்டுக்கு இல்ல. என்னை மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறா."

"மாதாவே!" ஞானசௌந்தரி மகனின் முகத்தைத் தடவினாள். பிறகு மருமகளை இழுத்து மார்போடு அணைத்து ஓவென்று அழுதாள்.

"எம் புள்ளைய மீட்டுத் தந்தவளையா ஏசினேன்... ஏளா, இப்ப அவனுக்கு எப்படி இருக்கு?"

"இப்ப ராத்திரி தூங்குதாங்க மாமி. தனிக் கார்டு வந்தா இன்னும் தெம்பா இருப்பாங்க."

மாமி மூக்கைச் சிந்தினாள். அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள்.

"பொய் சொல்லிக் கார்டு வாங்கப்படாது. இன்னையில இருந்து நீ தனியாத்தான் பொங்கணும். குழம்பு மட்டும் நான் தருவேன். வேண்டாம்னு சொல்லிப் பாரு!"

புது அடுப்பின் மேல் சிலுவை அடையாளம் வரைந்து, அவளே பற்றவைத்தாள். உலை கொதிக்கும்போது அதிகாரி வந்தார்.

"குடும்பத் தலைவி யாரும்மா?"

விஜிலா வாய் திறப்பதற்குள் ஞானசௌந்தரி அவளை முன்னால் தள்ளினாள்.

"இந்தா நிக்காளே, எம் மருமவ. இவதான் சார்!"