ஒரு மணி அடித்தால் நில்

காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அப்பா பால் காய்ச்சினார். ஜெனிட்டா பல் துலக்கினாள். பிறகு அப்பா சீப்பை எடுத்து அவளுக்கு இரண்டு பின்னல் போட்டார். இடது பின்னல் மேலே, வலது பின்னல் கீழே. தினமும் அப்படித்தான்.

"அப்பா, உங்க ஆபீஸ்ல எல்லாரும் சரின்னு சொன்னா, நீங்க மட்டும் வேணாம்னு சொல்வீங்களா?"

அப்பா ரிப்பனை முடிந்தார். 

"சொன்னதில்லம்மா."

பையை எடுத்துக்கொண்டு மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

ஜெனிட்டா தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று பள்ளியில் கண்காட்சி. ஏழாம் வகுப்பு டீம் ஒரு கேஜ் செய்திருந்தது. அந்தக் காலத்தில் ஆட்களைத் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கிய கூண்டு அது. இவர்களுடையது பிஸ்கட் டின். முதல் மாடி வராந்தாவிலிருந்து நைலான் கயிற்றில் தரைக்கு இறங்கும். கயிற்றை விடும் கைப்பிடியைச் சுற்றுவது டக்ளஸ். அவன்தான் டீம் லீடர்.

போன வாரம் டீமில் ஐந்து பேர் இருந்தார்கள்.

"இந்த முடிச்சு நிக்காதுபா. நைலான் வழுக்கும்," என்று டின்னைக் கட்டிய முடிச்சைக் காட்டி ஸ்டீவன் சொன்னான்.

"டீம்னா ஒரே பேச்சு. வேற பேச்சு பேசறவன் வெளியே. சரின்றவங்க கை தூக்குங்க," என்றான் டக்ளஸ்.

ஸ்டீவனைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஜெனிட்டாவின் கையும்தான். ஸ்டீவன் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நேற்று டின்னில் கல்லை வைத்து இறக்கிப் பார்த்தார்கள். முடிச்சு நழுவிக் கல் விழுந்தது.

"கல்லு கனம். முயலுக்கு எடையே இல்ல," என்றான் டக்ளஸ். மறுபடியும் கைகள் உயர்ந்தன.

ஆமாம், முயல். இரண்டாம் வகுப்பு ஐடாவின் முயல் பஞ்சு. அதுதான் கேஜில் போகும் முதல் பயணி.

ஐடா பஞ்சுவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். "பயப்படாதே பஞ்சு. அக்கா, அண்ணன் எல்லாரும் கீறாங்க," என்று அதன் காதில் சொல்லிவிட்டு, டின்னுக்குள் உட்கார வைத்தாள்.

டக்ளஸ் கைப்பிடியைப் பிடித்தான். டின் வராந்தாச் சுவரைத் தாண்டி வெளியே தொங்கியது. கீழே சிமென்ட் தரை.

ஜெனிட்டா முடிச்சையே பார்த்தாள். முடிச்சுக்கு வெளியே கயிற்று நுனி இரண்டு விரல் நீளம் இருந்தது. கைப்பிடி ஒரு சுற்று சுற்றியது. நுனி ஒரு விரல் நீளமாகக் குறைந்தது.

டீமில் இருந்த மனோகரைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். பியூலாவைப் பார்த்தாள். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

வாய் திறந்தால் ஸ்டீவன் மாதிரி வெளியே போக வேண்டும். ஜெனிட்டா சுவர்ப் பக்கம் திரும்பினாள். 

சுவரில் கேஜுக்காக மாட்டிய சைக்கிள் மணி. அதன் மேல் டக்ளஸ் சிவப்பு மையில் எழுதிய சார்ட்: 'ஒரு மணி அடித்தால் நில். யார் அடித்தாலும் நில்.'

ஜெனிட்டா மணியை அடித்தாள்.

டக்ளஸின் கை சட்டென்று நின்றது. மணிக்கு நிற்க ஒரு வாரமாகப் பழகிய கை.

"யாரு அடிச்சது?"

"நான்தான். முடிச்சு நழுவுது. டின்னப் புடி, மனோ!"

மனோகர் எட்டி டின்னைப் பிடித்து உள்ளே இழுத்தான். ஐடா பஞ்சுவை வாரி எடுத்துக்கொண்டாள்.

"நேத்தே பேசி முடிச்சாச்சு. எல்லாரும் சரின்னு கை தூக்கினாங்க இல்ல?" டக்ளஸ் கத்தினான். "சொல்லு மனோ!"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பியூலா தூக்கினா, நானும் தூக்கினேன்," என்றான் மனோகர்.

"நான் ஜெனிட்டா தூக்கினதால தூக்கினேன்!" என்றாள் பியூலா.

"நான் உங்க ரெண்டு பேரையும் பாத்துத்தான் தூக்கினேன்," என்றாள் ஜெனிட்டா.

டக்ளஸ் முடிச்சை இறுக்கினான். தன் டிபன் பாக்ஸை எடுத்து டின்னுக்குள் வைத்தான். "இப்ப பாருங்க, இன்னா ஆவுதுன்னு."

இறக்கினான். டின் பாதி வழிகூடப் போகவில்லை. முடிச்சு அவிழ்ந்தது.

டமால்!

சிமென்ட் தரை முழுக்க முட்டை சாதம். முதலில் வந்தது ஒரு காக்கை. அப்புறம் அதன் சொந்தக்காரர்கள்.

யாரும் சிரிக்கவில்லை. ஐடா பஞ்சுவின் கண்ணைப் பொத்தினாள்.

டக்ளஸ் கீழே பார்த்தான். பிறகு முயலைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்தன.

"ஹெட்மிஸ் பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க," என்றான் மெதுவாக. "இப்ப இன்னா பண்றது?"

இந்த முறை அவன் கை தூக்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கடைசியில் ஜெனிட்டாவைப் பார்த்தான்.

அவள் அவிழ்ந்த கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே ஆட, படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

"வா டக்ளஸ். ஸ்டீவனக் கூப்புடலாம். நீதான் கூப்புடணும்."