கதவளவு ரயில்

மீன் வாங்கி வருகிறேன் என்று லாசரஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதே ரத்தினபாய் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் மீன் வாங்கியதில்லை. பாங்கில் உட்காருகிறவன் கையில் கவிச்சி வாடை வரக்கூடாது என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் முடிச்சூர் மெயின் ரோட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது. அவள் காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் யாரோ இருமினார்கள்.

"மேடம், சார் வரச்சொன்னாரு. மேல இன்னாமோ பெரிய டேபிள் கீதாம். அறுத்து எடுக்கணுமாமே."

தச்சர் சம்பந்தம். போன வருடம் அடுக்களை அலமாரி செய்து கொடுத்தவர். தோளில் தொங்கிய சாக்குப் பையிலிருந்து மின்ரம்பத்தின் ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் ஹாலிலிருந்து ஈவ்லின் வந்தாள். லாசரஸின் தங்கை. கணவன் இறந்த பிறகு கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. இரவில் ஹால் திவானில்தான் படுக்கிறாள். இப்போது கையில் ஒரு பழைய போர்வையும் துடைப்பமும் வைத்திருந்தாள்.

"மேல வாங்க, காட்டறேன். அண்ணி, நீங்க கீழயே இருங்க. பாக்க வேணாம். நான் கூட நின்னு முடிச்சுடறேன்."

பாக்க வேணாம் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த மென்மைதான் ரத்தினபாய்க்கு அதிகம் வலித்தது.

லாசரஸ் இதைப் பற்றி ஏற்கெனவே பேசியிருந்தார். "மாடி ரூம்ல இருந்தா நல்லாருக்கும்னு ஈவ்லின் ஆசைப்படறா ரத்தினா. கல்யாணத்துக்கு முன்னாடி அவ இருந்த ரூம்தானே. உன்கிட்ட கேக்கச் சங்கடப்படறா." ரத்தினபாய் பதில் சொல்லவில்லை. இந்த வீட்டில் அவளுடைய மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். சரி என்று அர்த்தம்.

புதுப்பெண்ணாக வந்து குடியேறிய அந்த மாடி அறையை, ஈவ்லினின் பிளஸ் டூ படிப்புக்காக இதே மௌனத்தோடுதான் விட்டுக்கொடுத்தாள். கீழறையை மாமியாரின் நோய்ப்படுக்கைக்கு விட்டாள். டிராயிங் டீச்சர் வேலையையும் அந்தப் படுக்கைக்கே விட்டாள். மாமியார் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று பல வருடம் ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். மாமியார் போன பிறகு, வெள்ளம் வந்து வடிந்த வருடத்துக்கு அடுத்த வருடம், மாடி அறையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு முதல் பலகையை அடித்தாள்.

அவர்களுக்குப் பின்னால் அவளும் படியேறினாள்.

சம்பந்தம் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா மேடம் இது... உள்ள ஒரு ஊரே கீது."

நான்கு சுவர்களையும் ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், ஒரே மேஜையாகச் சுற்றி வந்தது அவளுடைய பொம்மை ரயில் பாதை. கதவருகே மட்டும் ஒரு சின்னப் பலகை, தூக்கிவிட்டு உள்ளே போவதற்கு. அதன்மேல் ஒரு லெவல் கிராசிங். என்ஜினும் பெட்டிகளும் தண்டவாளமும் கடையில் வாங்கியவை. மற்றதெல்லாம் அவள் கை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஸ்டேஷன் கட்டடம். கழுவிய எக்ஸ்ரே பிலிமில் அதன் ஜன்னல்கள். ஐஸ்கிரீம் குச்சியில் பிளாட்பாரப் பெஞ்சுகள். தாம்பரம் நடைமேம்பாலத்தின் படிகளை நாடா பிடித்து அவள் அளந்துகொண்டிருந்தபோது, ஒரு டிக்கெட் பரிசோதகர் வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா அம்மா என்று கேட்டார். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கியதும் அந்தப் பாலம் அவள் மடியில் அடங்கிவிட்டது.

லாசரஸ் எப்போதாவது வாசலில் நின்று பார்ப்பார். "அதென்ன, ஓடும்போது அங்கங்க டக்குனு ஒரு சத்தம்?" என்பார். "நிஜ ரயிலும் அப்படித்தானே போகுது" என்பாள். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை.

சம்பந்தம் கதவை அளந்தார். "கதவு ரெண்டரை அடி. டேபிளு சுத்திக்கினு ஒரே பீஸு. உள்ளயே வெச்சுக் கட்டிட்டீங்க. அறுக்காம வெளிய வராது." பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோடு பிளாட்பாரத்தின் குறுக்கே ஏறி, தண்டவாளத்தின் குறுக்கே இறங்கியது.

ரம்பம் கூவத் தொடங்கியது. ரத்தினபாய் அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கையை எடுங்க மேடம்."

"கையோட சேத்து அறுங்க."

ரம்பம் நின்றது. ஈவ்லின் போர்வையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணி... என்ன இது?"

"விட்டுக்கொடுக்கறது எனக்குப் பழக்கம் ஈவ்லின். ரூம் வேணும்னா எடுத்துக்கோ. ஆனா இதை அறுக்க விடமாட்டேன். இது முழுசா வெளிய போகும்."

"அதான் போவாதுன்றேனே," என்று சம்பந்தம் முணுமுணுத்தார்.

"போகும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். கையாலேயே திருகக்கூடிய, காது வைத்த நட்டுகள். ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். ஒயர்களின் பிளக்குகளை உருவினாள். வெளியே வந்து ஸ்டேஷனின் மதில் சுவரைப் பிடித்துத் தூக்கினாள். அது கையோடு வந்தது. அடியில் பலகையும் பலகையும் சேரும் கோடு. அதே இடத்தில் தண்டவாளமும் மயிரிழை இடைவெளி விட்டு வெட்டப்பட்டிருந்தது. அடுத்திருந்த அட்டை வாய்க்காலைத் தூக்கினாள். அங்கேயும் கோடு. வேலியைத் தூக்கினாள். அங்கேயும்.

"ஈவ்லின், அந்த முனையைப் பிடி. சாய்க்காத."

ஈவ்லின் பிடித்தாள். ஸ்டேஷனும் பிளாட்பாரமும் மேம்பாலமும் சேர்ந்த பலகை கதவை நோக்கி நகர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி. எங்கும் உரசாமல் வெளியே போயிற்று.

சம்பந்தம் அளவு நாடாவை எடுத்துப் பைக்குள் போட்டார்.

மாடிப்படித் திருப்பத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பலகையின் விளிம்பைக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு ஸ்டேஷன். பொழிச்சலூர்ப் பக்கமாக ஒரு விமானம் இறங்கிப் போனது.

அந்தச் சத்தம் அடங்கியதும் ஈவ்லின் கேட்டாள். "வெள்ளத்துக்குப் பயந்துதான் இப்படிப் பிரிக்கிற மாதிரி செஞ்சீங்களா அண்ணி?"

"வெள்ளம் ஒரு தடவைதான் வந்துச்சு."

ஈவ்லினுக்குப் புரியவில்லை. ரத்தினபாய் மேம்பாலத்தின் படிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த வீட்டுல எந்த ரூம் எனக்கு நின்னுச்சு? எப்ப வேணா காலி பண்ணச் சொல்வாங்கன்னு தெரியும். முதல் பலகைக்கே கதவை அளந்துட்டுத்தான் மரம் வாங்கினேன். இன்னைக்கு நீ சொல்லிட்ட."

"நான் எப்ப அண்ணி சொன்னேன்?"

"உங்க அண்ணன் சொன்னார். மாடி ரூம் வேணும்னு நீ ஆசைப்படறியாம்."

"ஐயோ அண்ணி... திவான்ல படுத்தா முதுகு வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னேன். அவ்வளவுதான். அதுக்கு அண்ணன் என்ன சொன்னாங்க தெரியுமா? உங்களுக்கு மாடி ஏற முடியலியாம். இந்த ரயிலு அலுத்துப்போச்சாம். நீங்களே எடுக்கச் சொல்ல வெக்கப்படறீங்களாம். ஆளை வெச்சு எடுத்துட்டா நிம்மதியாயிடுவீங்கன்னாங்க. அதனாலதான் பாக்க வேணாம்னேன். பாத்தா அழுதுடுவீங்கன்னு."

ரத்தினபாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அப்போ..." ஈவ்லினின் குரல் இறங்கியது. "அப்போ என் பிரசவத்துக்கும் இப்படித்தானா?"

"பிரசவத்துக்கு என்ன?"

"தலைப்பிரசவத்துக்கு வரேன்னு அண்ணனுக்கு போன் பண்ணேன். உன் அண்ணிக்கு முடியாதாம், அம்மாவையும் பாத்துக்கிட்டு உன்னையும் பாக்க முடியாதுன்றாளேன்னாங்க. அங்க என் மாமியார் ஒவ்வொரு வேளை சோத்துக்கும் சொல்லிக்காட்டினாங்க. தாய்வீட்டுல உனக்கு ஒரு பாய் விரிக்க ஆளில்லையான்னு. கிறிஸ்மஸுக்கு வந்தாக்கூட ஒரு மணி நேரத்துல கிளம்பிடுவேனே... ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

ரத்தினபாய் பலகையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய வேட்டியெல்லாம் கிழிச்சு, வெந்நீர்ல அலசி அடுக்கி வெச்சிருந்தேன். மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சேன். ஆள் வெக்கல, நானே அடிச்சேன். நீ மாமியார் வீட்டுலயே பாத்துக்கறேன்னுட்டன்னு உங்க அண்ணன் வந்து சொன்னார். நோயாளிக்குச் செய்யற கை, குழந்தையைத் தொடக்கூடாதுன்னு நினைச்சிட்டியோன்னு... இத்தனை வருஷமா நான் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கேன் ஈவ்லின்."

"எதுக்கு அண்ணி அவங்க இப்படிப் பண்ணணும்?"

"சண்டை வரக்கூடாதுன்னு."

"நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லையே."

"அதான். வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

இருவர் கண்களிலிருந்தும் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. யார் கையை எடுத்தாலும் ஸ்டேஷன் கவிழ்ந்துவிடும். அழுதுகொண்டே, ஒருவர் அடுத்த படியைச் சொல்ல மற்றவர் கால் வைக்க, கீழே வந்தார்கள். பலகையைத் திவானின்மேல் இறக்கிய பிறகுதான் ஈவ்லின் அவள் தோளில் விழுந்தாள். ரத்தினபாய் அவளை இறுக்கிக்கொண்டாள். அன்று வராத பிள்ளைத்தாய்ச்சியை இப்போதுதான் வாங்கிக்கொள்கிறவள்போல முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதை மேலயே திரும்பக் கொண்டு போயிடலாம் அண்ணி," என்றாள் ஈவ்லின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் கீழயே படுத்துக்கறேன்."

"வேணாம். விட்டுக்கொடுக்கற அந்த வேலையை நீ ஆரம்பிக்காத. உனக்குச் சாத்திக்க ஒரு கதவு வேணும். மாடி உனக்கு."

"அப்ப ரயிலு?"

ரத்தினபாய் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று பேர் உட்காரும் சோபா. டிவி. லாசரஸின் சாய்வு நாற்காலி. இத்தனை வருடம் இந்த ஹாலில் எல்லோரும் தூங்கப்போன பிறகு பாயை விரித்து, எல்லோரும் எழுவதற்கு முன் சுருட்டியிருக்கிறாள்.

"இங்க."

"ஹால்லயா? வர்றவங்க போறவங்க என்ன சொல்வாங்க?"

"பாத்துட்டுச் சொல்லட்டும்."

"தண்ணி வந்தா?"

"கழட்டி மேல கொண்டு போவேன். எனக்கு நட்டு இருக்கு." திரும்பினாள். "சம்பந்தம், சோபாவை அந்தப் பக்கம் பிடிங்க. கார் ஷெட்டுக்கு."

"அறுக்க வந்தவனை சோபா தூக்க வுட்டீங்களே மேடம்," என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லாசரஸ் மத்தியானம் திரும்பி வந்தார். மீன் வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. ரம்பச் சத்தமும் அழுகையும் ஓய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார். கார் ஷெட்டில் தன் சோபாவையும் சாய்வு நாற்காலியையும் பார்த்துச் சற்று நின்றார். பிறகு வாசற்படி ஏறினார். இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்னக் கேட்.

ஹாலின் நடுவில் ரத்தினபாய் கண்ட்ரோலரோடு நின்றிருந்தாள். ஜன்னலோரப் பாதைக்கு அருகே ஈவ்லின், தடம் புரண்ட கூட்ஸ் பெட்டியைச் சரியாக்கிக்கொண்டிருந்தாள். இருவரின் கண்களும் சிவந்திருந்தன. லாசரஸ் ஒருவரை விட்டு ஒருவரை மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ரத்தினா இது? இது எப்படிக் கீழ வந்துச்சு?"

"கதவு வழியா."

"வழி விடு. உள்ள வரணும்."

"கேட் மூடியிருக்கு."

"வண்டி வருதுண்ணா. நில்லுங்க," என்றாள் ஈவ்லின், அவரைப் பார்க்காமலே.

ரயில் ஸ்டேஷனை விட்டு நகர்ந்தது. டக். வாய்க்காலைத் தாண்டியது. டக். அவர் அந்தச் சத்தத்தின் இடத்தைக் குனிந்து தேடினார். மதில் சுவர் இன்னும் வைக்கப்படாத இடத்தில் பலகைகள் சேரும் கோடு தெரிந்தது. பார்வை அங்கிருந்து எழவில்லை.

"மாடி ரூமுக்கு நான் வெள்ளை அடிச்சேனே," என்றாள் ரத்தினபாய். "ஈவ்லின் பிரசவத்துக்கு. ஞாபகம் இருக்கா?"

மீன் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் அவர் செருப்பில் விழுந்தது.

"வீட்டுல ஒரு மனஸ்தாபமும் வரக்கூடாதுன்னுதான் ரத்தினா..."

"வரட்டும். நாங்க பாத்துக்கறோம். இனிமே அவ எனக்குச் சொல்ல வேண்டியதை அவளே சொல்வா. நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். நடுவுல ஆள் வேணாம்."

லாசரஸ் தங்கையைப் பார்த்தார். அவள் பெட்டியைத் தண்டவாளத்தில் பொருத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என் மாமியார் சொன்னதெல்லாம் நான் இவங்க கணக்குல எழுதிட்டேண்ணா. இத்தனை வருஷம்."

லாசரஸ் பையை மற்றக் கைக்கு மாற்றினார். கண்கள் நிறைந்தன. "தப்புதான்," என்றார் மெல்ல. யாரிடம் என்று சொல்லவில்லை. பிறகு இருவர் பெயரையும் சொல்லி, மறுபடியும் சொன்னார்.

ரத்தினபாய் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மௌனத்துக்குச் சரி என்று அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"கூட்ஸ் ஒண்ணு வரணும்," என்றாள் கடைசியில். "வெளிய சோபா இருக்கு. வேணும்னா உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கேட்டுக்கு வெளியே, பையைப் பிடித்தபடி, கூட்ஸ் வண்டி ஹாலை முழுவதும் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கடைசிப் பெட்டி வாசலைக் கடந்து போனது. ரத்தினபாய் வந்து பலகையின்மேல் கை வைத்தாள். தூக்கவில்லை.

"மீனை யார் கழுவறது?"

லாசரஸ் பையைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.

அவள் கேட்டைத் தூக்கினாள்.